சாத்திய கதவும் பிள்ளைகளின் சத்தமும்

கேள்வி: எனக்கு ஏழு வயதில் மகளும் நான்கு வயதில் மகனும் இருக்கிறார்கள். இருவருக்கும் எங்கள் மெதடிஸ்த ஆலயத்தில்தான் ஞானஸ்நானம் கொடுத்தோம். ஆராதனை நேரத்தில் மகன் கொஞ்சம் துள்ளுவான், சத்தமாகக் கேள்வி கேட்பான். போன மாதம் ஒரு மூத்த ஐயா எல்லாருக்கும் முன்னால், "பிள்ளைகளை அடக்கத் தெரியாவிட்டால் ஏன் கூட்டிக்கொண்டு வாறீங்கள்?" என்று கேட்டுவிட்டார். இப்போது சின்னப் பிள்ளைகளைப் பின்னால் உள்ள அறையில் விடுகிறார்கள். ஒரு தம்பி பார்த்துக்கொள்கிறார். சத்தம் வராமல் கதவைச் சாத்திவிடுவார்கள். மகள் அங்கே போகமாட்டேன் என்று அழுகிறாள். வளரும்வரை பிள்ளைகளோடு வீட்டிலேயே நின்றுவிடலாமா? இன்னொன்று, பக்கத்து வீட்டுச் சைவப் பிள்ளைகள் இருவர் எங்கள் நத்தார் ஒளிவிழாவில் பாட ஆசைப்படுகிறார்கள். சேர்க்கலாமா?
- உவர்மலை வாசகி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, நீங்கள் சத்தத்தைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தச் சாத்திய கதவுதான் உறுத்துகிறது. அதை முதலில் பேசிவிடுவோம்.

மகள் ஏன் அழுகிறாள் என்று எனக்குத் தெரியாது. அறை புழுக்கமாக இருக்கலாம், பெரிய பையன்கள் சீண்டலாம், உங்களை விட்டுப் பிரிய மனமில்லாமலும் இருக்கலாம். அந்தத் தம்பி மேல் நான் பழி போடவில்லை. ஆனால் வளர்ந்த ஒருவர் தனியாக, மூடிய அறையில், பிள்ளைகளோடு இருப்பது எந்தச் சபையிலும் கூடாது. ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூடாது. ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பெரியவர்கள் எப்போதும் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். எந்தப் பெற்றோரும் எந்த நேரமும் உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்றிருக்க வேண்டும். வீண் பேச்சிலிருந்து அந்தத் தம்பியையும் இதுதான் காப்பாற்றும். இவ்வளவும் நடக்கும்வரை பிள்ளைகளை அங்கே விடாதீர்கள்.

மகளிடம் ஒரு தடவை ஆறுதலாகப் பேசுங்கள். தலை பின்னும்போது, "அங்கே என்ன விளையாடுவீர்கள், யார் யார் இருப்பார்கள்?" என்று கேட்டாலே போதும். பதிலை நீங்களே அவள் வாயில் வைக்காதீர்கள், விசாரணை போலத் துருவவும் வேண்டாம். மனதைக் கலக்கும் ஏதாவது சொன்னால் ஆலயக் குழுவைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். 1998இன் 50ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை இருக்கிறது. 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையும் பார்க்கலாம். "சபையின் பெயர் கெட்டுவிடும்" என்று யாராவது சொன்னால், சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் பெரிய திரிகைக்கல்லைக் கட்டிக் கடலில் போடுவது அவனுக்கு நலம் என்று மத்தேயு 18இல் இயேசு சொன்னதை வாசித்துக் காட்டுங்கள். அந்த இடத்தில் அவர் யாருடைய பெயரையும் காப்பாற்றிப் பேசவில்லை.

சரி, இனி சத்தம்.

மாற்கு 10இல் பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டியது வெளியாட்கள் இல்லை, சீஷர்கள். இயேசு கோபப்பட்டதும் அந்தச் சீஷர்கள் மேல்தான். மத்தேயு 21இல் பிள்ளைகள் தேவாலயத்துக்குள்ளேயே ஓசன்னா என்று ஆர்ப்பரிக்கிறார்கள். பிரதான ஆசாரியருக்கு அது பொறுக்கவில்லை. இயேசு எட்டாம் சங்கீதத்தை எடுத்துக்காட்டிப் பிள்ளைகள் பக்கம் பேசுகிறார். சபைகளில் "பிள்ளைகள் நாளைய திருச்சபை" என்று சொல்லும் வழக்கம் எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. இன்றைக்கு வாங்கில் இடமில்லாத பிள்ளை நாளைக்கு எதற்கு வரப்போகிறது?

உங்கள் விஷயத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது. மெதடிஸ்த சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பெற்றோர் மட்டும் வாக்குக் கொடுப்பதில்லை. கூடியிருக்கும் சபையும் இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கத் துணையிருப்போம் என்று வாக்குக் கொடுக்கிறது. அந்த ஐயாவும் அன்றைக்கு அங்கே இருந்திருப்பார்! பெந்தெகொஸ்தே, பப்டிஸ்து சபைகளில் குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை, பிரதிஷ்டை செய்து ஜெபிப்பார்கள், பிள்ளை தானே விசுவாசித்துக் கேட்கும்வரை காத்திருப்பார்கள். கத்தோலிக்கரிடம், பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1910இல் விதித்தபடி ஏழு வயதளவிலேயே முதல் நற்கருணை உண்டு. முறைகள் இப்படி வேறுபட்டாலும் பிள்ளை பெற்றோரின் தனிப்பொறுப்பு, சபைக்குச் சம்பந்தமில்லை என்று இவர்களில் யாரும் சொல்வதில்லை. ஞாயிறு பாடசாலையும் பெரியவர்களின் அமைதிக்காகத் தொடங்கியதில்லை. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் றொபேட் றெய்க்ஸ் அதை நடத்தத் தொடங்கியது, வாரநாட்களில் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத வாசிக்கச் சொல்லிக்கொடுக்கத்தான்.

அந்த ஐயாவின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். காது மந்தமானவர்களுக்கு ஒரு பிள்ளை அழுதாலே பிரசங்கம் போய்விடும். (பிரசங்க நேரத்துக் குறட்டையை மட்டும் யாரும் பின்னறைக்கு அனுப்புவதில்லை, அது வேறு கதை.) மகன் அழத் தொடங்கினால் விறாந்தைக்குக் கூட்டிப்போய், ஆறியதும் திரும்பக் கூட்டிவாருங்கள். மற்ற நேரம் முன்வாங்கில் இருங்கள். பெரியவர்களின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைதான் அதிகம் துள்ளும். ஐயாவிடம் ஆராதனை முடிந்தபின் தனியாகப் போய், "ஐயா, அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் கேட்டது எனக்கு மனவருத்தம். இவனுக்கு உங்கள் பக்கத்தில் இருந்து பாட்டுப் புத்தகம் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் மறுக்கட்டும். வீட்டில் மட்டும் நின்றுவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கலாம். முதலில் அவர்களுடைய அம்மாவிடம் நேரில் போய்க் கேளுங்கள். என்ன பாட்டு, ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், யார் வீட்டில் கொண்டுவந்து விடுவது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். பாட்டின் வரிகளை அவர் வாசித்துப் பார்க்கட்டும். அவர் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். நம்முடைய ஊரில் இந்த விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே கவனமாக இருக்க வேண்டும், பிள்ளைகளைப் பரிசு காட்டி இழுக்கிறார்கள் என்ற பேச்சுக்கு இடம் வைக்கக்கூடாது. ஒளிவிழா அன்று மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே பொதியை அவர்களுக்கும் கொடுங்கள். அதற்குள் துண்டுப்பிரசுரம் வைக்க யாராவது யோசித்தால் அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.