சொந்தமாகப் படகு வைத்துக்கொள்ள உண்மையில் எவ்வளவு செலவாகும்? அதற்கேற்ற சுகம் கிடைக்குமா?

நீங்கள் பார்த்து வைத்திருப்பது 6 மீட்டர் பழைய ஃபைபர் படகு, 90 எச்பி அவுட்போர்டு இன்ஜின் (படகின் பின்பலகையில் வெளியே மாட்டுவது), மலிவான விலை. ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. புதுப் படகுக்கு அது ஓரளவு ஒத்துவரும். பழையதற்கு ஒத்துவராது. படகு பாதி விலைக்குக் கிடைத்தது என்பதற்காக அதன் அடிப்பகுதிக்குப் பாதி பெயின்ட் போதும் என்று ஆகாதே! அதே மாதிரிப் புதுப் படகு இன்று என்ன விலையோ, அதில் பத்து சதவீதத்தை எடுத்து வையுங்கள். முதல் ஆண்டில் அதைவிடக் கூடுதலாகவே போகும்; முந்தையவர் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

செலவைத் தீர்மானிப்பது விலையல்ல, நீளம். நிறுத்துமிட வாடகையைப் பெரும்பாலும் நீளத்தை வைத்துத்தான் போடுகிறார்கள். 6 மீட்டரை விட்டு 9 மீட்டருக்குப் போனால் நீளம் ஒன்றரை மடங்குதான். வடிவம் அதேதான் என்றால் பெயின்ட் அடிக்க வேண்டிய பரப்பு 2.25 மடங்கு, எடை மூன்று மடங்குக்கும் மேல். அந்த எடையைத் தள்ள இன்ஜினும் பெரிதாக வேண்டும்.

பலரும் பயப்படுவது எரிபொருளுக்கு. 90 எச்பி ஃபோர்-ஸ்ட்ரோக் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 30 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். வேகத்தை மிதமாக்கினால் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஆனால் ஓட்டினால்தான் அந்தச் செலவு. வாடகை, காப்பீடு, பதிவு, வருடாந்திர சர்வீஸ் எல்லாம் படகு கட்டிக் கிடந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மொத்தத்தையும் ஓடிய மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். அடிக்கடி எடுப்பவருக்கு ஒரு மணி நேரச் செலவு மலிவு. எப்போதாவது எடுப்பவருக்கு வாடகைப் படகே லாபம்.

கட்டிப் போட்டால் தேய்மானம் நின்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கின் அடியில் தங்கி, அங்கிருந்து இன்ஜினுக்குப் போகும். ஈய-அமில பேட்டரி சார்ஜ் இல்லாமல் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டுவிடும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோலில் ஸ்டெபிலைசர் (அது கெடாமல் காக்கும் திரவம்) கலந்து பத்து நிமிடம் இன்ஜினை ஓட்டி, கார்புரேட்டர் வரை அது போய்ச் சேரும்படி செய்துவிட்டு நிறுத்துங்கள். டாங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே நீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று அவசியம்.

உப்பு நீரில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரை இன்ஜினுக்குள் பத்து நிமிடமாவது ஓடவிட்டுக் கழுவ வேண்டும். ஓடும்போது இன்ஜினைக் குளிர்வித்துவிட்டுப் பின்பக்கத் துளையிலிருந்து பீய்ச்சும் நீரை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருங்கள். அது மெலிந்தால் ஒன்று துளை அடைத்திருக்கிறது, இல்லை நீர் பம்ப்பின் இம்பெல்லர் (நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) போய்விட்டது. நீரில்லாமல் ஒரு நிமிடம் ஓடினாலே இம்பெல்லரின் இதழ்கள் கருகிவிடும். மாற்றும்போது பழையதன் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு குளிர்விக்கும் பாதையில் எங்கோ சிக்கியிருக்கிறது; எடுக்காவிட்டால் புது இம்பெல்லரோடும் இன்ஜின் சூடாகும்.

கியர் ஆயிலை 100 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். வடியும் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி தூண்டில் நரம்புதான்: புரொப்பல்லர் தண்டில் சுற்றி, ஆயில் சீலை அறுத்துவிடும். அதனால் புரொப்பல்லரை அவ்வப்போது கழற்றிப் பாருங்கள். புது ஆயிலைக் கியர் பெட்டியின் கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும், மேல் துளையில் வழியும் வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கிக்கொள்ளும். வழிந்ததும் முதலில் மேல் திருகை மூடி, அப்புறம் கீழே மூடுங்கள். வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. காசு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

இன்ஜினில் பொருத்தியிருக்கும் ஆனோடு என்ற உலோகத் துண்டு தன்னைக் கரைத்துக்கொண்டு மற்ற உலோகத்தைக் காக்கிறது. உப்பு நீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், நன்னீருக்கு மக்னீசியம். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டால் வைத்தும் பயனில்லை. சில படகுகளில் மெக்கானிக்கே அழகுக்காக அடித்து வைத்திருப்பார்!

படகு நீரிலேயே நின்றால் பாசியும் கொட்டலசு என்ற ஓட்டுடைய சிறு கடலுயிரும் ஒட்டும். செம்பு கலந்த அடிப் பெயின்டை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறை அடிக்க வேண்டிவரும். டிரெய்லரில் வைத்தால் இந்தச் செலவு இல்லை, வாடகையும் மிச்சம். பதிலுக்கு டிரெய்லரின் சக்கர பேரிங்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாலையில் ஓடிய சூட்டோடு நீரில் இறக்கினால் ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுப்பகுதிக்குள்) காற்று குளிர்ந்து சுருங்கி நீரை உறிஞ்சும். சற்று ஆறவிட்டு இறக்குங்கள்.

சுகம் என்ன என்றால், முதலில் படகு நீர்மேல் எழும் அந்தச் சில நொடிகள். வேகம் கூட்டியதும் முன்பக்கம் தூக்கும், எதிரே எதுவும் தெரியாது. பிறகு மூக்கு தணிந்து, தெறிக்கும் நீர் பின்னால் நகர்ந்து, ஸ்டீயரிங் சட்டென்று இலேசாகும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் குறைத்தாலும் வேகம் குறையாது. எத்தனை முறை ஓட்டினாலும் அது அலுக்காது. இன்னொன்று நங்கூரம் போட்டு இன்ஜினை அணைப்பது. ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட்டால் நங்கூரம் பிடித்துக்கொள்ளும். படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பி நிற்கும். சாலை போகாத கரைக்கு, யாருடைய நேர அட்டவணைக்கும் காத்திராமல் போய் இறங்கலாம். கையால் வேலை செய்யப் பிடித்தவருக்கு ரிப்பேரும் ஒரு சுகம்தான். பிடிக்காதவருக்கு அதே வேலை கூலியாக மாறி, பட்ஜெட்டின் பெரும்பகுதியைத் தின்னும். இந்தச் சுகம் எதற்கும் 9 மீட்டர் தேவையில்லை. கால் மணி நேரத்தில் நீரில் இறக்கிவிடக்கூடிய சின்னப் படகுதான் அதிகம் ஓடும்.

உங்கள் படகுக்கு வருவோம். பணம் கொடுக்கும் முன் இன்ஜின் மாட்டியிருக்கும் பின்பலகையைச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். அந்தக் காலத்து ஃபைபர் படகுகள் பலவற்றில் உள்ளே பிளைவுட் இருக்கும். திருகு துளைகள் வழியே நீர் இறங்கினால் அது உளுத்துப் போகும். ‘டக் டக்’ என்று கணீரென்று கேட்டால் நல்லது, ‘பொத்’ என்றால் சந்தேகம். இன்ஜினைப் பாதி தூக்கி, அதன் கீழ் நுனியைக் கையால் அமுக்குங்கள். பலகை அசைந்தாலோ, திருகைச் சுற்றிப் பழுப்பு நீர் கசிந்தாலோ உள்ளே உளுத்திருக்கிறது. அதைச் சரிசெய்ய இன்ஜினை இறக்கி, ஃபைபரை அறுத்து, பலகை முழுவதையும் மாற்ற வேண்டும். மலிவான படகின் விலையையே அது தாண்டிவிடலாம். அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்ப்பின் மிதவை சுவிட்சையும் கையால் தூக்கிப் பாருங்கள், பம்ப் உடனே ஓட வேண்டும். பலகை சரி, கியர் ஆயில் தெளிவு, நீரில் ஓட்டும்போது கையேட்டில் சொன்ன உச்ச ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற அளவு) இன்ஜின் தொடுகிறது என்றால் பேரம் பேசத் தொடங்கலாம். பலகை போயிருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.