பள்ளி இறுதியாண்டிலேயே மருத்துவ இடம்: அமெரிக்க பி.எஸ்.–எம்.டி. படிப்புகள் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவில் மருத்துவப் பள்ளியில் சேர விரும்புவோர் பொதுவாக முதலில் நான்கு ஆண்டு இளங்கலைப் படிப்பை முடித்துவிட்டு, அதன் பிறகு நான்காண்டு எம்.டி. (அமெரிக்காவில் இதுவே அடிப்படை மருத்துவப் பட்டம்) படிப்புக்குத் தனியாக விண்ணப்பிக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் பள்ளி இறுதியாண்டிலேயே சேர்த்து இடம் தருபவை பி.எஸ்.–எம்.டி. எனப்படும் கூட்டுப் படிப்புகள். இவற்றைப் பற்றிப் பெற்றோரும் மாணவர்களும் எழுப்பிய கேள்விகளுக்கு, கல்லூரியில் ப்ரீ-மெட் (மருத்துவப் பள்ளியில் சேரத் தயாராகும்) மாணவர்களுக்கு ஆலோசனை வழங்கிவரும் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி (ஒரு தாய், நியூ ஜெர்சி): ஐயா, என் மகள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். ஆறு, ஏழு, எட்டு ஆண்டுகள் என மூன்று வகைப் படிப்புகள் இருப்பதாக அறிகிறேன். குறைந்த ஆண்டுகளில் முடிவதைத் தேர்ந்தெடுப்பதுதானே நல்லது?

பதில்: ஆண்டுக் கணக்கை முதல் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. எம்.டி. முடித்த பிறகும் ரெசிடென்சி எனும் மருத்துவமனைப் பயிற்சிக் காலம் இருக்கிறது. பொது மருத்துவத்துக்கு மூன்று ஆண்டுகள், பொது அறுவை சிகிச்சைக்கு ஐந்து, நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு ஏழு. இத்தனை நீண்ட பாதையில் மிச்சமாகும் ஓராண்டோ ஈராண்டோ எங்கிருந்து பிடுங்கப்படுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். கன்சாஸ் சிட்டியிலுள்ள மிசௌரி பல்கலைக்கழகம் 1971 முதல் நடத்திவரும் ஆறாண்டுப் படிப்பில் கோடை விடுமுறை என்பது பெயரளவுக்குத்தான். ஆண்டு முழுவதும் வகுப்பு நடக்கும். அதற்கு ஈடாக, மாணவர்கள் மிக இளம் வயதிலேயே நோயாளிகளைச் சந்திக்கிறார்கள். மூன்றாம் ஆண்டு முதல் ஒரு மூத்த மருத்துவரின் கீழ் சிறு குழுவாக இணைந்து, வாரந்தோறும் அதே மருத்துவமனைப் பிரிவில் தொடர்ந்து பணிபுரிகிறார்கள். பதினெட்டு வயதில் இந்த வேகத்தை விரும்பி ஏற்கும் பிள்ளைகளும் உண்டு, மூச்சுத் திணறுபவர்களும் உண்டு.

இதற்கு நேரெதிர் பிரௌன் பல்கலைக்கழகத்தின் எட்டாண்டுப் படிப்பு. அதில் ஓராண்டுகூட மிச்சமாவதில்லை. ஆனால் எம்கேட் எனும் மருத்துவப் பள்ளி நுழைவுத் தேர்வு தேவையில்லை, இளங்கலையில் வரலாறோ இசையோ கணினியோ எதை வேண்டுமானாலும் முதன்மைப் பாடமாகக் கொள்ளலாம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் ஹார்லெமில் நடத்தும் ஏழாண்டுப் படிப்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. உங்கள் மகளுக்கு மருத்துவத்தைத் தவிர வேறொரு துறையிலும் ஆழமான ஆர்வம் இருந்தால், எட்டாண்டுதான் அவளுக்குப் பொருந்தும்.

கேள்வி (ஒரு தந்தை, டெக்சாஸ்): இடம் உறுதி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையிலேயே உறுதியா?

பதில்: நிபந்தனைக்கு உட்பட்ட உறுதி. சேர்க்கைக் கடிதத்தின் முதல் பத்தியை எல்லோரும் படிக்கிறார்கள். நிபந்தனைகள் அடங்கிய பக்கத்தைப் பலர் படிப்பதில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். மொத்த ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடப்படும் மதிப்பெண் சராசரி) 3.5 இருக்க வேண்டும், அறிவியல் பாடங்களுக்கும் தனியாக 3.5 இருக்க வேண்டும் என்று விதி இருப்பதாகக் கொள்வோம். பதினாறு கிரெடிட் (பாடத்தின் எடை அலகு) கொண்ட ஒரு பருவத்தில், நான்கு கிரெடிட் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் மட்டும் 'சி' (2 புள்ளி) வாங்கி, மற்ற எல்லாவற்றிலும் 'ஏ' (4 புள்ளி) வாங்கினால் அந்தப் பருவத்தின் சராசரி சரியாக 3.5. விளிம்பில் தப்பிவிடுவார். ஆனால் அந்தப் பருவத்தில் அவர் எடுத்த அறிவியல் பாடங்கள் கெமிஸ்ட்ரியும் உயிரியலுமாக எட்டு கிரெடிட் மட்டுமே என்றால், அறிவியல் சராசரி 3.0 ஆகிவிடும். விதி ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியே பொருந்துமா, ஆண்டு முடிவில் மட்டும் பார்ப்பார்களா, ஒருமுறை குறைந்தால் எச்சரிக்கையோடு விடுவார்களா, நேராக நீக்கிவிடுவார்களா என்பதைப் பொறுத்துத்தான் அந்த மாணவரின் இடம் நிலைக்கும்.

எம்கேட்டும் அப்படியே. அத்தேர்வின் மதிப்பெண் 472 முதல் 528 வரை. வழக்கமான வழியில் எம்.டி.யில் சேர்வோரின் சராசரி 511, 512 அளவில் இருக்கிறது. கூட்டுப் படிப்பு ஒன்று ஏறத்தாழ அதே மதிப்பெண்ணைக் கேட்டால், அந்த மதிப்பெண்ணை எடுக்கக்கூடியவருக்கு அந்த உறுதியால் என்ன பெரிய லாபம்? எம்கேட்டே வேண்டாம் என்பதும், எளிதில் எட்டக்கூடிய வரம்பை வைப்பதும்தான் மதிப்புள்ள சலுகைகள். மேலும், வேறு மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பித்தால் கையிலிருக்கும் இடம் போய்விடும் என்ற விதியும் சில படிப்புகளில் உண்டு.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், இலினாய்): அங்கிள், எனக்கு உயிரியல் பிடிக்கும். ஆனால் டாக்டராக வேண்டுமா என்று உறுதியாகத் தெரியவில்லை. அப்பாவும் அம்மாவும் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, உறுதி இல்லாத நிலையில் விண்ணப்பிக்காமல் இருப்பது குற்றமல்ல. இந்தப் படிப்புகளின் நேர்காணலில் முதலில் கேட்கப்படுவதே ஏன் மருத்துவம் என்பதுதான். மருத்துவமனையில் தொண்டு செய்த, மருத்துவரோடு உடனிருந்து கவனித்த அனுபவத்திலிருந்து அதற்குப் பதில் வர வேண்டும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே மருத்துவப் பள்ளியில் இடம் பெறும் வழியும் உண்டு. நியூயார்க்கிலுள்ள மவுண்ட் சைனாய் மருத்துவப் பள்ளி 1987இல் இலக்கியம், வரலாறு போன்ற கலைத்துறை மாணவர்களுக்காகத் தொடங்கிய திட்டம் பின்னர் ஃபிளெக்ஸ்மெட் என்ற பெயரில் எல்லாத் துறையினருக்கும் விரிந்தது. அதற்கும் எம்கேட் தேவையில்லை. எம்.டி. முதலாண்டில் சேர்வோரின் சராசரி வயது 24ஐ ஒட்டி இருப்பதையும் பெற்றோரிடம் சொல். நீ எதிலும் பிந்திவிடவில்லை.

கேள்வி (ஒரு தாய், வட கரோலினா): நாங்கள் இன்னும் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம். மகன் எங்களைச் சார்ந்த எச்-4 விசாவில். அவன் விண்ணப்பிக்கலாமா?

பதில்: பல படிப்புகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கின்றன; விண்ணப்பக் கட்டணம் செலுத்துமுன் ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிபாருங்கள். அதைவிடப் பெரிய சிக்கல் 21 வயது. அந்த வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். பதினெட்டில் சேரும் பிள்ளைக்கு அது பெரும்பாலும் எம்.டி. தொடங்குவதற்கு முன்பே வந்துவிடும். எனவே குடிநிலையை விண்ணப்பிக்கும்போது பார்ப்பார்களா, மருத்துவப் பள்ளிக்குள் நுழையும்போது மீண்டும் பார்ப்பார்களா என்று எழுத்து மூலம் கேளுங்கள். கூட்டாட்சி அரசின் கல்விக் கடனும் இந்த நிலையில் கிடைக்காது.

கேள்வி: எம்.டி.க்குப் பதிலாக டி.ஓ. எனும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் தரும் பி.எஸ்.–டி.ஓ. படிப்பு மதிப்பில் குறைந்ததா?

பதில்: இல்லை. டி.ஓ. பட்டம் பெற்றவருக்கும் அமெரிக்காவில் முழு மருத்துவ உரிமம் உண்டு. 2020 முதல் இரு தரப்பினருக்கும் ரெசிடென்சி அங்கீகாரமும் ஒன்றே. போட்டி மிகுந்த சில சிறப்புத் துறைகளில் மட்டும் எம்.டி.க்கு இன்னும் சாதகம் இருக்கிறது.

கேள்வி (ஒரு தந்தை, மிச்சிகன்): பேசாமல் மகளைத் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்க அனுப்பிவிடலாமா?

பதில்: அவள் அங்கேயே மருத்துவம் பார்க்க விரும்பினால் தாராளமாக அனுப்பலாம். இங்கே திரும்பி வருவதே நோக்கம் என்றால் யோசியுங்கள். பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகளில் முடிவது உண்மை. ஆனால் ரெசிடென்சி ஒதுக்கீட்டில் அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் இடம் பெறும்போது, வெளிநாட்டில் படித்துத் திரும்பும் அமெரிக்கக் குடிமக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரே பெறுகிறார்கள்.

கேள்வி (ஒரு தந்தை, பென்சில்வேனியா): மகனுக்கு ஒரு தனியார் ஏழாண்டுப் படிப்பில் இடம் கிடைத்துள்ளது. எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் இளங்கலைக்கு முழு உதவித்தொகை தருகிறது. எதை ஏற்பது?

பதில்: கடன் வாங்கியாவது கையிலுள்ள இடத்தை ஏற்றுக்கொள் என்று சென்ற தலைமுறை சொன்ன பதிலை இன்று அப்படியே சொல்ல முடியாது. 2025இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு, மேற்படிப்பு மாணவர்களுக்கான கூட்டாட்சி அரசின் கிராட் பிளஸ் கடன் இல்லை. மருத்துவ மாணவர் கூட்டாட்சிக் கடனாக ஆண்டுக்கு 50,000 டாலரும் மொத்தம் 2,00,000 டாலரும் மட்டுமே பெறலாம். பெற்றோர் தம் பெயரில் வாங்கும் பிளஸ் கடனும் பிள்ளை ஒருவருக்கு 65,000 டாலரோடு நின்றுவிடும். தனியார் மருத்துவப் பள்ளியின் நான்காண்டுச் செலவு இந்த வரம்பைத் தாண்டக்கூடியது. மிச்சத்துக்குத் தனியார் வங்கிக் கடன்தான், அதற்கு உங்கள் கையொப்பமும் கேட்பார்கள்.

மறுபக்கம், வழக்கமான வழியில் ஆண்டுதோறும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்து, சுமார் 23,000 பேர்தான் எம்.டி.யில் சேர்கிறார்கள். கையில் இருக்கும் இடத்தின் மதிப்பு அதுதான். 2018 முதல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியிலும், 2024 முதல் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியிலும் கல்விக் கட்டணம் இல்லை என்பதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அங்கே இடம் கிடைப்பது மிக அரிது.

இரண்டு வழிகளுக்கும் மொத்தச் செலவை, தங்குமிடம், உணவு, வட்டி உட்பட ஒரே தாளில் எழுதுங்கள். வேறுபாட்டைக் கடன் இல்லாமல் உங்களால் தாங்க முடியும், மகனும் மருத்துவத்தில் உறுதியாக இருக்கிறான் என்றால் ஏழாண்டுப் படிப்பை ஏற்கலாம். தாங்க முடியாதென்றால் மாநிலப் பல்கலைக்கழகத்தையே நான் பரிந்துரைப்பேன். முழு உதவித்தொகை பெறும் அளவுக்குப் படிக்கும் மாணவர் வழக்கமான வழியிலும் பலமான விண்ணப்பதாரரே. மே 1க்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் ஜி.பி.ஏ. விதி, எம்கேட் வரம்பு, மருத்துவப் பள்ளியில் தகுதி அடிப்படையிலான உதவித்தொகை உண்டா என்ற மூன்றையும் சேர்க்கை அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.