செயினை மட்டும் மாற்றினால் போதுமா?
வணக்கம் நண்பரே. 22,000 கி.மீ. ஓடிய உங்கள் 150 சிசி வண்டிக்குச் செயின் மட்டும் போதும் என்று மெக்கானிக் சொல்வதை ஏற்க வேண்டாம். நீங்கள் எழுதியபடி ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரத்தின்) பற்கள் கொக்கிபோல் ஒருபக்கம் வளைந்திருந்தால், அவற்றின்மேல் ஓடும் புதுச் செயினும் விரைவிலேயே தேய்ந்து நீண்டுவிடும் என்பதால், முன், பின் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் செயினோடு சேர்த்தே மாற்றுங்கள். பழைய செயினின் பக்கத் தகட்டில் அளவு எண் 428 என்று பொறித்திருந்தால், புதியதும் அதே எண்ணிலும் அதே கண்ணி எண்ணிக்கையிலும் இருக்க வேண்டும்.

முன்பக்கம் 14 பல் ஸ்பிராக்கெட்டுக்குப் பதில் 13 பல் உள்ளதைப் போட்டால் மேட்டில் இழுவை கூடும் என்பது உண்மைதான். ஆனால், அதே வேகத்துக்கு இன்ஜின் ஏறத்தாழ 8 சதவீதம் அதிகமாகச் சுழல வேண்டியிருக்கும் என்பதால், பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓட்டும் உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செயினின் இரு முனைகளையும் இணைக்கும் பூட்டுக் கண்ணியின் கிளிப்பை மாட்டியதும், அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பார்த்துவிடுங்கள்.