மலை வேட்டைக்கு ரைஃபிள்: லேசாக இருந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறேன். துப்பாக்கி உரிமம் கிடைத்துவிட்டது. கூட வேலை பார்ப்பவர்கள் மே மாதம் தார் (இமயமலைக் காட்டாடு) வேட்டைக்கு மலைக்குக் கூப்பிடுகிறார்கள். கடையில் டிக்கா டி3எக்ஸ் லைட், ஹோவா சூப்பர்லைட், கிம்பர் மவுண்டன் அசென்ட் மூன்றையும் காட்டினார்கள். "மலைக்கு என்றால் எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது, கிம்பரையே எடுங்கள்" என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?

பதில்: டிக்கா. கிம்பருக்கு என்று ஒதுக்கிய பணத்தில் மிச்சமாவதை ஒரு நல்ல ஸ்கோப்புக்கும் (குறி பார்க்கும் தொலைநோக்கி) பயிற்சித் தோட்டாவுக்கும் செலவழியுங்கள். இது உங்கள் முதல் ரைஃபிள் என்று நினைத்துச் சொல்கிறேன்.

கடையில் சொல்லும் எடை வெறும் துப்பாக்கியின் எடை. டிக்கா சுமார் 2.9 கிலோ, கிம்பர் 2.2, ஹோவா கிட்டத்தட்ட 2 கிலோ. பார்த்தால் பெரிய வித்தியாசம்தான். ஆனால் மலையேறும்போது தோளில் தொங்குவது இது மட்டும் இல்லையே. 3-9x40 அளவுள்ள சாதாரண ஸ்கோப் 350 கிராம். அதைப் பிடிக்கும் வளையங்கள் 100 கிராம். சத்தத்தைக் குறைக்கக் குழல் நுனியில் மாட்டும் சப்ரஸர் 350 கிராம். நியூசிலாந்தில் அதற்குத் தனி அனுமதி தேவையில்லை, அநேகமாக எல்லாரும் போட்டிருப்பார்கள். தோள்வார் 100 கிராம். பத்து .308 தோட்டா 250 கிராம். எல்லாம் சேர்ந்தால் டிக்கா 4 கிலோவில் வந்து நிற்கும். சரி, 2.2 கிலோ கிம்பரை வாங்கியவர்கள் என்ன செய்கிறார்கள்? தூரச் சுடும் ஆசையில் 800 கிராம் ஸ்கோப் ஒன்றையும், 300 கிராம் இருகால் தாங்கி ஒன்றையும் மாட்டுகிறார்கள். அதுவும் 4 கிலோவைத் தாண்டிவிடுகிறது. எடை குறைக்கக் கொடுத்த காசு அப்படியே வீண். லேசாக வேண்டும் என்றால் முதலில் ஸ்கோப்பில் கை வையுங்கள். அங்கே 400 கிராம் குறைப்பது மலிவு. ரைஃபிளில் அதே 400 கிராமைக் குறைக்க டைட்டானியம், கார்பன் என்று இரண்டு மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது உதை. ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு பலமாகத் தோளில் இடிக்கும். முழு எடை 4 கிலோவிலிருந்து 3 கிலோவுக்கு இறங்கினால் பின்னுதைப்பின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். புதியவர்கள் இதற்குப் பழகும் முன்பே பயந்துவிடுகிறார்கள். விசையை அழுத்தும் கணத்தில் கண் மூடிக்கொள்ளும், தோள் சுருங்கும், குண்டு எங்கேயோ போகும். ஒருமுறை ஒட்டிக்கொண்ட இந்தப் பழக்கத்தை விடுவிக்க லேசில் முடியாது. இரண்டாவது தொல்லை ஆட்டம். மேலேறிய மூச்சிரைப்போடு குறி பார்க்கும்போது இதயத் துடிப்பு ஒவ்வொன்றும் குழல் முனையில் தெரியும். கொஞ்சம் கனமான துப்பாக்கி அந்த ஆட்டத்தை விழுங்கிவிடும். 2 கிலோ ரைஃபிள் விழுங்காது.

லேசான ரைஃபிளில் பேரலும் (குழலும்) மெலிதாகத்தான் இருக்கும். மெல்லிய பேரல் சீக்கிரம் சூடாகும். மூன்று குண்டுக்கு மேல் தொடர்ந்து சுட்டால் படும் இடம் விலக ஆரம்பிக்கலாம். வேட்டையில் இது பெரிய குறையில்லை, அங்கே ஒன்று அல்லது இரண்டு குண்டுதான். ஆனால் பயிற்சிக்குப் போனால் சுடுவதைவிட ஆறுவதற்குக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். கார்பன் சுற்றிய பேரல்தான் எல்லாவற்றிலும் லேசு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பென்சில் மாதிரி மெல்லிய எஃகு பேரல் பல சமயம் அதைவிட லேசு. கார்பன் தருவது எடைக்கேற்ற விறைப்பு.

தோட்டா எது என்று நீங்கள் கேட்கவில்லை. அதுதான் இதையெல்லாம்விட முக்கியம். ஆண் தார் எழுபது கிலோவைத் தாண்டும், கெட்டியான விலங்கு. அதற்காக .300 வின்செஸ்டர் மேக்னம் தேவையில்லை. அதன் உதை .308-ஐப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அதை 3 கிலோ துப்பாக்கியில் போடச் சொல்பவர் உங்கள் தோளைப் பற்றிக் கவலைப்படவில்லை என்று அர்த்தம். 6.5 கிரீட்மூர், 7 எம்எம்-08, .308, .270 இந்த நான்கில் எது இருந்தாலும் 300 மீட்டருக்குள் வேலை முடியும். நான் 6.5 கிரீட்மூர் அல்லது 7 எம்எம்-08 பக்கம் சாய்வேன், இரண்டிலும் உதை குறைவு. குட்டைத் தோட்டா என்றால் துப்பாக்கியும் லேசாகும் என்று கடையில் சொன்னால், டிக்கா விஷயத்தில் அதை நம்ப வேண்டாம். டி3எக்ஸில் எல்லாத் தோட்டாவுக்கும் ஒரே நீள உடல்தான். .270 எடுத்தாலும் .308 எடுத்தாலும் எடை ஏறக்குறைய ஒன்று.

பேரல் நீளத்தையும் பாருங்கள். 22 அங்குல பேரலின் நுனியில் சப்ரஸரை மாட்டினால் புதருக்குள் தூண்டில்கம்பைத் தூக்கிக்கொண்டு நடப்பது மாதிரி இருக்கும். சப்ரஸர் போடுவது உறுதி என்றால் 18 முதல் 20 அங்குலம் போதும். ஓர் அங்குலம் குறைந்தால் குண்டின் வேகத்தில் நொடிக்கு 8 மீட்டர் போலக் குறையும், உங்கள் தூரத்துக்கு அது ஒன்றுமில்லை. பேரல் நுனியில் மரை வெட்டியிருக்கிறதா, என்ன அளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எம்14x1, 5/8x24 எனப் பல அளவுகள் புழங்குகின்றன. சப்ரஸரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சேரவில்லை என்று திரும்ப ஓட வேண்டாம். தென் தீவின் மேற்குக் கரையோரம் கொட்டுகிற மழைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் சரி, கறுப்புப் பூச்சு அழகில் மயங்காதீர்கள்.

சேஃப்டி போட்டதும், தோட்டாவை ஏற்றி இறக்கும் போல்ட்டின் கைப்பிடியும் பூட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் செடி கொடி மாட்டி வழியில் திறந்துகொள்ளும். டிக்காவில் பூட்டும். கிம்பரில் மூன்று நிலை சேஃப்டி, நடு நிலையில் வைத்தால் சேஃப்டி விலகாமலே தோட்டாவை வெளியே எடுக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் கிம்பர் ஒரு படி மேல். எப்படியிருந்தாலும் ஏறும்போது அறைக்குள் தோட்டா இருக்கக் கூடாது. சுடத் தயாரான பிறகே தோட்டா ஏற்ற வேண்டும் என்பது அங்கே உரிமத் தேர்விலேயே படித்திருப்பீர்கள்.

கிம்பரோ ஹோவா சூப்பர்லைட்டோ யாருக்கு என்றால், ஹெலிகாப்டர் இல்லாமல் பல நாள் நடந்தே போகிறவருக்கு, ஏற்கெனவே நிறையச் சுட்டுப் பழகியவருக்கு. உங்கள் நண்பர்கள் ஹெலிகாப்டரில் போய் மேலே இறங்குகிறவர்கள் என்றால் அந்த 700 கிராமை மறந்துவிடலாம்.

இன்னொன்று, செங்குத்தான சரிவில் கீழ்நோக்கியோ மேல்நோக்கியோ சுட்டால் குண்டு நினைத்ததைவிட மேலே படும். 45 பாகைச் சரிவில் 300 மீட்டர் தள்ளி நிற்கும் விலங்குக்குக் கிடைமட்டத் தூரம் 212 மீட்டர்தான், அதற்குத்தான் குறி வைக்க வேண்டும். சரிவுக் கோணத்தையும் கணக்கிட்டுச் சொல்லும் தூரமானிக்குக் கொஞ்சம் பணம் எடுத்துவையுங்கள்.

கேள்வி: டிரேட் மீ தளத்தில் ஒருவர் பழைய டிக்காவை ஸ்கோப், சப்ரஸரோடு விற்கிறார். விலை நன்றாக இருக்கிறது. நம்பி வாங்கலாமா? (டனீடின் வாசகர்)

பதில்: போல்ட் ஆக்‌ஷனில் பழையது வாங்குவது நல்ல யோசனை. வேட்டைக்காரர்கள் வருடத்துக்குச் சுடுவது கொஞ்சம், துப்பாக்கி தேய்வதைவிடக் கீறல் விழுவதுதான் அதிகம். நேரில் போய்ப் பாருங்கள். போல்ட்டைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்த பிறகு வெளிச்சத்தில் பேரலின் உள்ளே பார்க்க வேண்டும். துருப்புள்ளி இருந்தால் வேண்டாம். பேரல் வாயின் விளிம்பில் அடிபட்ட தழும்பு இருந்தாலும் வேண்டாம், குண்டு நேராகப் போகாது. மரையைப் பின்னால் வேறு யாராவது வெட்டியிருந்தால் சப்ரஸரை மாட்டி, அது குழலோடு நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கோணலாக இருந்தால் குண்டு சப்ரஸரின் உள்பக்கத்தில் உரசும். அந்தத் துப்பாக்கியை அந்த விலைக்கு இலவசமாகச் சப்ரஸர் சேர்த்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

விற்பவர் உங்கள் உரிமத்தைக் கேட்காமல் தந்தால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள். 2023 ஜூன் 24 முதல் துப்பாக்கிப் பதிவேடு நடைமுறையில் இருக்கிறது. கைமாறிய விவரம் அதில் ஏற வேண்டும்.

தனியாரிடம் வாங்கும்போது நுகர்வோர் உத்தரவாதச் சட்டம், 1993 உங்களுக்குப் பொருந்தாது. விற்பவர் பொய்யான விவரம் சொல்லி விற்றிருந்தால் ஒப்பந்தம், வணிகம் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கை கொடுக்கும். ஆகவே "மிகக் குறைவாகச் சுட்டது, பேரல் மாற்றவில்லை" என்றெல்லாம் சொன்னால் தொலைபேசியில் விட்டுவிடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார்பன் பேரல் போட்ட விலை கூடிய ரைஃபிள் வாங்கினேன். 100 மீட்டரில் ஐந்து குண்டு 60 மில்லிமீட்டர் பரவுகிறது. ஒரு நிமிடக் கோணத்துக்குள் சுடும் என்று உத்தரவாதம் உண்டு. கடைக்காரர் "அது மூன்று குண்டுக்கு" என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா? (வெலிங்டன் வாசகர்)

பதில்: கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. ஒரு நிமிடக் கோணம் என்பது 100 மீட்டரில் சுமார் 29 மில்லிமீட்டர். இந்த உத்தரவாதங்கள் வழக்கமாக மூன்று குண்டுக்கு, அதுவும் தரமான தோட்டாவுக்கு. உங்கள் தாளின் நிபந்தனையைப் படியுங்கள். பிறகு ஸ்கோப் வளையத் திருகுகளையும் ஸ்டாக்கை (துப்பாக்கிக் கட்டையை) பிடிக்கும் திருகுகளையும் தயாரிப்பாளர் சொன்ன முறுக்குக்குச் சரிபார்த்து, இரண்டு மூன்று வகைத் தோட்டாவில், குழலை ஆறவிட்டு மூன்று மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். பாதிக் குறைகள் திருகில் தீரும், மீதியில் பாதி தோட்டாவில்.

அதற்குப் பிறகும் 60 என்றால் கடைக்காரர் வாயடைக்க வேண்டியதுதான். 250 மீட்டரில் அது 150 மில்லிமீட்டர் பரவல், தாரின் உயிர்நிலைப் பகுதி 20 சென்டிமீட்டர் போலத்தான் இருக்கும், உங்கள் கை நடுக்கத்துக்கு இடமே மிஞ்சாது. கடையில் வாங்கியதால் 1993 நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் உங்கள் பக்கம். சொன்ன வர்ணனைக்குப் பொருள் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பொறுப்பு கடைக்காரருடையது. "தயாரிப்பாளருக்கு எழுதுங்கள்" என்று தள்ளிவிட முடியாது. சுட்ட இலக்குத் தாள்களைத் தேதியோடும் தோட்டாவின் பெயரோடும் எடுத்துப் போங்கள், பேச்சு சுருக்கமாக முடியும்.

கேள்வி: கோவையிலிருந்து குயின்ஸ்டவுனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். அவர் தார் வேட்டைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்கிறார். நம் வரையாட்டுக்கு உறவான விலங்கை வேட்டையாடச் சட்டம் இடம் கொடுக்குமா? கொம்பைக் கொண்டு வரலாமா?

பதில்: தூரத்து உறவுதான், ஆனால் நிலைமை வேறு. இமயமலைத் தாரை 1904-இல் நியூசிலாந்தின் அயோராக்கி (மவுண்ட் குக்) மலைப்பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். வேட்டையாடித் தின்ன விலங்கு இல்லாத இடத்தில் அது பெருகி ஆல்பைன் செடிகளை மொட்டையடித்தது. 1993 கட்டுப்பாட்டுத் திட்டம் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அதனால் பொது நிலத்தில் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சீட்டோடு வேட்டையாடலாம். இந்தியாவில் வரையாடு அழியும் நிலையில் இருக்கிறது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதன் பக்கம் துப்பாக்கியைத் திருப்பினாலே சிறை.

கொம்பு வேண்டாம். இமயமலைத் தாரும் அதே அட்டவணையில் இருக்கிறது, விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பீர்கள். படம் எடுத்து வாருங்கள். உரிமம் இல்லாதவர் உரிமம் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில் சுடலாம், அண்ணன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தனியாகப் போக ஆசை என்றால் பார்வையாளர் உரிமத்துக்கு டிக்கெட் போடும் முன்பே விண்ணப்பியுங்கள்.