வாங்கும் முன் கேளுங்கள்: கார்டு லீக் கடிதங்கள்

இந்த வாரம் பாதிக்கு மேல் கார்டு கடிதங்கள். சீட்டுக்கட்டு இல்லை. போகிமான், மேஜிக், யு-கி-ஓ மாதிரி அவரவர் கார்டு சேர்த்து, அதில் ஒரு டெக் (ஆடுவதற்கான கட்டு) கட்டி, எதிராளியோடு மோதும் விளையாட்டுகள். மிக்ஸி, இன்வெர்ட்டர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே அலுவலகத்தில் ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் மேஜிக் லீக் நடத்த ஆசை. தலைக்கு 500 ரூபாய்க்கு மேல் போட யாரும் தயாரில்லை. எங்களில் ஒருவர் மட்டும் முன்பே ஆடியவர். ஆளுக்கு இரண்டு பூஸ்டர் பாக்கெட் வாங்கி ஆரம்பிக்கலாம் என்கிறார். சரிதானே?
— வாசகர், திருநகர்

பதில்: சரியில்லை. பூஸ்டர் என்பது உள்ளே என்ன கார்டு என்று தெரியாமல் வாங்கும் சீல் பாக்கெட். இரண்டைப் பிரித்தால் கையில் முப்பது கார்டு தேறுவதே பெரிய விஷயம். மேஜிக்கில் வழக்கமான டெக்குக்குக் குறைந்தது 60 கார்டு வேண்டும். பாக்கெட்டை அங்கேயே பிரித்து ஆடும் முறைக்குக்கூட 40. ஆக, அடுத்த வாரம் "இன்னும் ரெண்டு வாங்குவோம்" என்பீர்கள். அதற்கடுத்த வாரம் உங்களில் சம்பளம் அதிகம் வாங்குகிறவர் பத்து பாக்கெட்டோடு வந்து எல்லோரையும் அடித்து நொறுக்குவார். அதோடு இரண்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை வந்துவிடும்.

3,000 ரூபாயையும் ஒரே இடத்தில் போடுங்கள். அதில் 270 காமன் கார்டுகளைச் சில்லறையாக வாங்குங்கள். காமன் என்றால் பாக்கெட்டுக்குப் பாக்கெட் வந்து விழும், சேகரிப்பவர்கள் சீந்தாத ரகம். ஒவ்வொன்றும் வேறு வேறு கார்டாக இருக்கட்டும், மேஜிக் கார்டின் ஐந்து நிறமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். 270 ஏன் என்றால், ஆளுக்கு 45. அதைப் பதினைந்து பதினைந்தாக மூன்று அடுக்காகப் பிரித்து, ஒரு அடுக்கைக் கையில் எடுத்து, ஒரு கார்டை வைத்துக்கொண்டு மீதியைப் பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். அவரும் அப்படியே. இதுதான் டிராஃப்ட். சேர்ந்த 45இல் நல்லதாக 23ஐ எடுத்து 17 லேண்ட் கார்டு (மற்ற கார்டுகளை இறக்கச் சக்தி தருபவை) சேர்த்தால் 40 கார்டு டெக் தயார். லேண்ட் பொதுச் சொத்து. நிறத்துக்கு 25 வீதம் 125 வாங்கிப் போட்டால் ஆறு பேருக்கும் தாராளம்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாம் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். கார்டு யாருக்கும் சொந்தமில்லை என்பதால் காசுள்ளவர் கை ஓங்குகிற பேச்சே இல்லை. ஆடுகிறவர்கள் இந்த டப்பாவை கியூப் என்பார்கள். ஒவ்வொருவரும் மற்ற ஐந்து பேரோடும் ஒரு முறை மோத 15 ஆட்டம். மூன்று மூன்றாக நடத்தினால் ஐந்து சுற்று. மூன்றுக்கு இரண்டு ஜெயிக்கிற கணக்கில் வைத்து, சுற்றுக்கு 50 நிமிடம் ஒதுக்கினால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடியும். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. அப்புறம் கலைத்துவிட்டு மறுபடி டிராஃப்ட்.

சொந்த டெக் வேண்டும் என்ற ஆசை பிறகு வந்தால், காமன் மட்டுமே வைத்து 60 கார்டில் ஆடும் பாப்பர் என்ற முறை இருக்கிறது. செலவு அதிலும் கட்டுக்குள் நிற்கும். முக்கியமான ஒன்று: முன்பே ஆடியவர் என்றீர்களே, அவர் வீட்டுப் பரணில் காமன் கார்டு நிச்சயம் குவிந்து கிடக்கும். கடைக்குப் போகும் முன் அங்கே போங்கள்.

கேள்வி: பூஸ்டர் பாக்ஸ் முழுதாக வாங்கினால், போட்ட காசுக்காவது கார்டு உறுதியாக வரும்தானே?
— வாசகர், மேலூர்

பதில்: வராது.

கேள்வி: மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் என் மகன் சேர்த்து வைத்த காசில் தங்க நிறப் போகிமான் கார்டு 55 அடங்கிய பாக்கெட் வாங்கினான். விலை 250. பள்ளியில் நண்பர்கள் லீக்கில் "டூப்ளிகேட்" என்று சொல்லிச் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?
— தாய், ஆனையூர்

பதில்: டூப்ளிகேட்தான் அம்மா. பாக்கெட் முழுக்கத் தங்க நிறத்தில் 55 கார்டு என்று அசல் கம்பெனி விற்பதில்லை. பையன் மேல் எந்தத் தப்பும் இல்லை. பெரியவர்களே ஏமாறும் அளவுக்கு அந்த உறை பளபளக்கும்.

அடுத்த முறைக்குச் சொல்கிறேன். செல்போன் டார்ச்சைக் கார்டின் பின்னால் பிடியுங்கள். அசல் கார்டின் நடுவில் கருப்பு அடுக்கு ஒன்று உண்டு, வெளிச்சம் லேசாகத்தான் கசியும். போலியில் மறுபக்கம் வரை பளிச்சென்று வரும். ஆங்கிலத்தில் போகிமான் என்ற பெயரில் இ எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு இருக்க வேண்டும். போலி அடிப்பவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். பின்பக்க நீலம் வெளிறியிருக்கும், எழுத்துப்பிழை மலிந்திருக்கும். இவற்றுக்கெல்லாம் முன்னால் உறையைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, எம்ஆர்பி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். மொட்டையாக இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

உறையும் பில்லும் இருந்தால் கடைக்குப் போய்ப் பணத்தைக் கேளுங்கள். நீங்களே போங்கள், பையனை அனுப்ப வேண்டாம். அந்தக் கார்டுகளை அவன் வீட்டில் வைத்து ஆடட்டும், அடுத்த பிள்ளைகளின் அசல் கார்டோடு மட்டும் மாற்றிக்கொள்ளக் கூடாது. அந்த லீக் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை: உங்களிடம் கூடுதலாகக் கிடக்கிற காமன் கார்டில் ஒரு டெக் கட்டி அவனுக்குக் கொடுத்தால் ஆட இன்னொரு ஆள் கிடைப்பான்.

கேள்வி: கடையில் 60 கார்டு ரெடிமேட் டெக் வாங்கினோம். சீல் பிரித்தபோது உள்ளே 48தான். கடைக்காரர் சுவரைக் காட்டுகிறார்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது." பில் கேட்டபோதே "சின்ன அயிட்டத்துக்கு எதுக்கு சார்" என்றார்.
— வாசகர், திருமங்கலம்

பதில்: இந்தப் போர்டைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். மதுரையில் பாதிக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில், அதே மரியாதையோடு மாட்டி வைத்திருக்கிறார்கள். எழுதி மாட்டிவிட்டால் சட்டமாகிவிடும் என்று கடைக்காரர் நம்புகிறார். அதைவிட மோசம், நாமும் நம்புகிறோம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இரண்டு விஷயத்தை முறையற்ற வணிக நடைமுறை என்று பட்டியல் போட்டே சொல்கிறது. ஒன்று, விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பது. இன்னொன்று, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக, உங்கள் கடைக்காரர் இரண்டையும் ஒரே வியாபாரத்தில் முடித்துவிட்டார். போர்டு அவரைக் காப்பாற்றாது. ஆனால் "வாங்கினேன், பிடிக்கவில்லை" என்பவருக்கு இந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். குறை இருக்க வேண்டும்; 60இல் 12 இல்லாதது குறை.

சின்ன அயிட்டமாம். என் வீட்டு இஸ்திரிப்பெட்டி ஒன்றும் அப்படிப்பட்ட சின்ன அயிட்டம்தான். பில் இல்லை, வாங்கின கடை இப்போது செருப்புக்கடை. காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறோம், நல்ல கனம்.

நீங்கள் செய்ய வேண்டியது: உறை, டப்பா, 48 கார்டு எல்லாவற்றையும் பரப்பிப் படம் எடுங்கள். ஜிபே செய்திருந்தால் அந்தப் பதிவே வாங்கியதற்குச் சாட்சி. குறையை நாலு வரியில் எழுதிக் கடையில் கொடுத்து, நகலில் கையெழுத்து கேளுங்கள். போடாவிட்டால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. பெரும்பாலும் கடிதத்தைப் பார்த்ததுமே வேறு டெக் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த டெக்கை கல்லா எதிரிலேயே பிரித்து எண்ணுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

கேள்வி: பழைய போகிமான் கார்டு செல்லாது, புதுசுதான் வாங்க வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். தெருப் பிள்ளைகள் நாலு பேர் ஆடும் லீக்குக்கு 2,000 ரூபாய் கேட்கிறான் மகன்.
— தந்தை, பழங்காநத்தம்

பதில்: கார்டு என்ன பாலா, கெட்டுப்போக? சமீப வருடக் கார்டுகளின் கீழ் இடது மூலையில் பொடியாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அதிகாரபூர்வப் போட்டிகளில் எந்த எழுத்துள்ள கார்டு செல்லும் என்பது அவ்வப்போது மாறும். உங்கள் தெருவில் நாலு பிள்ளைகள் ஒப்புக்கொண்டால் எதுவும் செல்லும். 60 கார்டு, ஒரே பெயரில் நாலுக்கு மேல் கூடாது, அடிப்படை எனர்ஜி கார்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு இல்லை. இது போதும். 2,000 ரூபாயை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: யு-கி-ஓ டெக்குக்கு 100 ஸ்லீவ் (கார்டைச் செருகும் பிளாஸ்டிக் உறை) வாங்கினேன். கார்டு உள்ளே ஆடுகிறது, கலைக்க முடியவில்லை. ஸ்லீவே மட்டமான தயாரிப்பா?
— வாசகி, கே.கே. நகர்

பதில்: ஸ்லீவில் கோளாறு இல்லை, அளவு வேறு. மேஜிக், போகிமான் கார்டு 63க்கு 88 மில்லிமீட்டர். யு-கி-ஓ 59க்கு 86. உங்களுக்குத் தேவை ஸ்மால் அல்லது ஜப்பானிய அளவு என்று போட்டிருப்பது. வாங்கியதை மேஜிக் ஆடுகிற யாருக்காவது தள்ளிவிடுங்கள், வாங்கிக்கொள்வார்கள். பிவிசி ஸ்லீவை, ஆல்பத்தைத் தொடாதீர்கள். புது ரெக்சின் மாதிரி வாடை அடித்தால் பெரும்பாலும் அதுதான். எங்கள் கல்யாண போட்டோக்கள் அப்படி ஒரு ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு, உரித்தபோது பந்தி முழுக்க பிளாஸ்டிக்கோடு போய்விட்டது.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஒருவர் பழைய கார்டு 500 சேர்த்து 3,200 ரூபாய் என்றார். எங்கள் லீக்குக்காக எட்டு பேரிடம் வசூல் செய்து நேற்று இரவு அனுப்பினேன். காலையில் பிளாக் செய்துவிட்டார். நண்பர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?
— கல்லூரி மாணவர், தல்லாகுளம்

பதில்: தம்பி, வெட்கப்பட வேண்டியவன் பிளாக் செய்தவன். இதைப் படிப்பதற்குள் செய்திருப்பாய் என்று நம்புகிறேன், செய்யாவிட்டால் உடனே 1930க்கு அழை. சைபர் குற்றப் புகார் எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாயோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு. பரிவர்த்தனை எண், அவனுடைய யுபிஐ ஐடி, பேசிய உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வை. எதையும் அழிக்காதே. வங்கிக்கும் எழுத்தில் சொல். அப்புறம் எட்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து நடந்ததைச் சொல்லிவிடு. உன் தலையில் மட்டும் கட்டுகிறவர்கள் இருந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டு: வசூல் எல்லோருக்காகவும் நடந்தது, நஷ்டமும் எட்டாகப் பிரியட்டும்.

கேள்வி: பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் பெட்டி வாங்கினேன். எல்லாக் கார்டும் ஜப்பானிய மொழியில். விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தார்கள், நான் கவனிக்கவில்லை. திருப்பிக் கொடுக்க முடியுமா?
— வாசகர், வாடிப்பட்டி

பதில்: போட்டிருந்தார்கள். நீங்கள் படிக்கவில்லை. முடியாது.

கேள்வி: விலை ஏறும் என்று இருபது பாக்ஸ் வாங்கி அடுக்கினேன். அதில் நாலு பாக்ஸ் ஏற்கெனவே பிரித்து ஒட்டியவை. நுகர்வோர் ஆணையம் போகலாமா?
— வாசகர், வில்லாபுரம்

பதில்: மறுவிற்பனைக்கு வாங்கியவர் அந்தச் சட்டத்தில் நுகர்வோரே இல்லை. வக்கீலைப் பாருங்கள். உங்களை மாதிரி நாலு பேர் அடுக்கி வைப்பதால்தான் பிள்ளைகளுக்குக் கடையில் எம்ஆர்பி விலையில் ஒன்றும் கிடைப்பதில்லை; அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: கார்டை நாமே அச்சடித்து ஆடலாமா? சிவகாசி பக்கம்தானே.
— வாசகர், விருதுநகர்

பதில்: சிவகாசி எதற்கு? அங்கே ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும், அப்படி அடித்தால் போலி வியாபாரி என்று பெயர் வரும். தெருமுனை ஜெராக்ஸ் கடை போதும். ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்று, ஒன்பது கார்டு கச்சிதமாக அடங்கும். பிரிண்ட் போடும்போது "தாளுக்குள் அடக்கு" என்ற வசதியை எடுத்துவிட்டு 100 சதவீதம் வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கார்டு சுருங்கிவிடும். கருப்பு வெள்ளையே போதும். வெட்டி, ஸ்லீவில் ஒரு வேண்டாத கார்டுக்கு முன்னால் செருகினால் கலைக்கும்போது வித்தியாசம் தெரியாது. லீக்கில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும், அதிகாரபூர்வப் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது, யாருக்கும் விற்கக் கூடாது.

கேள்வி: வீட்டில் லீக் வைத்தால் மாமனார் "சூதாட்டம்" என்று சத்தம் போடுகிறார்.
— வாசகர், செல்லூர்

பதில்: மேஜையில் பணம் இருந்தால் அவர் சொல்வதுதான் சரி. வசூல் செய்வதை ஸ்லீவ், லேண்ட், வடை என்று செலவழித்துவிடுங்கள். ஜெயித்தவருக்குப் பணமாக எதுவும் போகக் கூடாது. ஸ்கோர் எழுதும் பொறுப்பை மாமனாரிடம் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஆட்டத்தின் நடுவில் நண்பர் ஜிகர்தண்டாவை என் டெக் மேல் கொட்டிவிட்டார். யார் காசு கொடுப்பது?
— வாசகர், முனிச்சாலை

பதில்: கொட்டியவர். ஸ்லீவ் போடாமல் கொண்டுபோயிருந்தீர்கள் என்றால் பாதி நீங்கள்.