மரக்குதிரையைக் காணோம்!

கேள்வி: வார்ஹாமர் 40,000ங்கிற பொம்மைப் படை விளையாட்டோட லோர்ல (பின்னணிக் கதையில) பல வருஷமா ஊறினவன் நான். அதுல பேரரசரோட செல்லப்பிள்ளை ஹோரஸே அவரை எதிர்த்துக் கிளம்புற ஹோரஸ் ஹெரெசி மாதிரி கதைக்கெல்லாம் மூலமே பழைய காவியங்கதான்னு சொன்னாங்க, நம்பி ட்ராய் போரைப் பாடுற ஹோமரோட இலியட் வாங்கினேன். ட்ராயை விழ வெச்ச மரக்குதிரை இல்ல, நாயகன் அகிலீஸ் சாகல, ரெண்டாம் காண்டத்துல பாதி வெறும் கப்பல் லிஸ்ட். கதைச்சுருக்கம் படிச்சாலே போதாதா சார்?

பதில்: குதிரை வேணும்னா நீங்க ஹோமரோட இன்னொரு காவியம் ஒடிஸி வாங்கியிருக்கணும் தம்பி. அங்கயும் ஒரு பார்வையில்லாத பாடகன் விருந்துல பாடுற மாதிரி கொஞ்ச நேரம்தான் வரும். அகிலீஸ் குதிகால்ல அம்பு பட்டுச் செத்த கதை ரெண்டுலயுமே கிடையாது, தேடி அலையாதீங்க.

ஆனா கப்பல் லிஸ்ட்டை நீங்க குறை சொல்றீங்க பாருங்க, அதுதான் தாங்கல. ஆர்மி புக்கை வெச்சுக்கிட்டு எந்த யூனிட்டுக்கு எத்தனை பாயிண்ட், யாருக்குக் கீழ எத்தனை ஸ்குவாட்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கணக்கு போடுற கூட்டம் நீங்க. ஹோமர் பண்ணதும் அதேதான், 29 படை, 1186 கப்பல், எந்த ஊரு, எவன் தலைவன்னு வரிசையா அடுக்குறான். உங்களுக்குப் பிடிக்காம வேற யாருக்குப் பிடிக்கும்?

மூலம் மூலம்னு சொல்றீங்களே, ஹெரெசியோட மூலம் காவியம் மட்டும் இல்ல, பிளாஸ்டிக்கும்தான். 1988ல அடெப்டஸ் டைட்டானிகஸ்ங்கிற விளையாட்டுப் பெட்டி வந்தப்ப உள்ள இருந்த டைட்டன் (ராட்சதப் போர் இயந்திரம்) பொம்மை எல்லாம் ஒரே அச்சு. ரெண்டு பக்கமும் ஒரே பொம்மைன்னா யாரு யாரோட மோதுறது, சரி உள்நாட்டுப் போர்னு வெச்சுக்குவோம்னு ஆரம்பிச்சதுதான் ஹோரஸோட துரோகம். கேலி பண்ணல, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். (செல்லப்பிள்ளையே எதிர்த்துக் கிளம்புறான்ங்கிற வாசனைக்கு கடவுளை எதிர்த்த சாத்தானைப் பாடின மில்டன் பக்கம் போங்க, அது வேற கதை.)

இப்ப யோசிங்க. 2006ல ஹெரெசி நாவல் வரிசை ஆரம்பிக்கும்போது முடிவு தெரியாத ரசிகன் எவன் இருந்தான்? யார் துரோகி, யார் சாவான், கடைசியில பேரரசர் என்ன ஆவார், எல்லாமே தெரியும். தெரிஞ்சும் 54 புத்தகம், அதுக்கு மேல டெர்ரா (அதாவது பூமி) முற்றுகைனு தனி வரிசை வேற. சாகப்போறோம்னு தெரிஞ்சே ஹோரஸோட சகோதரன் சாங்குவினியஸ் அவனோட மோதப் போறான்ல, அவன் எப்படிப் போறான்னு பாக்கத்தானே அத்தனையும் படிச்சீங்க?

கிரேக்கக்காரனும் அப்படித்தான் உக்காந்து கேட்டான். ட்ராய் விழும், அகிலீஸ் சாவான், குதிரை வரும், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அதனாலதான் பத்து வருஷப் போர்ல அகிலீஸ்ங்கிற ஒருத்தனோட கோபத்தை, அதுவும் சில வாரத்தை மட்டும் எடுத்துக்க ஹோமரால முடிஞ்சுது. மொத்தப் போரையும் பாடாம விட்டாரேன்னு அரிஸ்டாட்டிலே மெச்சியிருக்கார். நீங்க கேக்குற மாதிரி மிச்சக் கதையை எல்லாம், குதிரையோட சேர்த்துச் சொன்ன வேற காவியங்களும் இருந்துச்சு, சைப்ரியா, சின்ன இலியட்னு. எல்லாம் அழிஞ்சு போச்சு. அங்கங்க சில வரி மிஞ்சுது, அதை விட்டா புரோக்லஸ்னு ஒருத்தர் எழுதி வெச்ச கதைச்சுருக்கம்தான். நீங்க கேட்ட அதே சுருக்கம். படிச்சுப் பாருங்க, லோர் அத்தனையும் பத்திரமா இருக்கும், ஒரு இடத்துலயும் தொண்டை அடைக்காது.

இலியட்டை முதல்லேருந்து படிக்கப் பொறுமை இல்லைன்னா நேரா 24ஆம் காண்டத்துக்குப் போங்க. ட்ராய் ராஜா, கிழவன் பிரையாம், செத்துப்போன மகன் ஹெக்டரோட உடலைக் கேட்டு ராத்திரியில எதிரி பாசறைக்குள்ள போய், தன் பிள்ளைகளைக் கொன்ன அகிலீஸோட கையைப் பிடிச்சு முத்தம் குடுக்குறான். அகிலீஸுக்குத் தன் அப்பா ஞாபகம் வருது, ரெண்டு பேரும் உக்காந்து அழறாங்க. சுருக்கத்துல இது 'ஹெக்டர் உடல் திருப்பித் தரப்பட்டது'ன்னு ஒரே வரியா முடிஞ்சிடும். அடுத்த ஸ்குவாட் பொம்மைங்களுக்கு பிரைமர் (முதல் பூச்சு) அடிச்சிட்டு, காயற நேரத்துல படிங்க.