மறதிக்குக் குளிசை, வயிற்றில் குழப்பம்

அன்பின் ஐயா,

பார்கின்சன் நோயில் டோபமைன் குறைவதைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எங்கள் அம்மாவுக்கு 74 வயது. அல்சைமர் என்று சொல்லி கிளினிக்கில் டொனெபெசில் குளிசை தொடங்கியிருக்கிறார்கள். மூளையில் அசிட்டைல்கோலின் குறைந்துவிட்டது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். அப்படியென்றால் குறைந்த பொருளையே கொடுத்தால் என்ன? கனடாவிலிருந்து அண்ணா கோலின் கப்சூல் அனுப்பியிருக்கிறார். மாமி தினமும் வல்லாரைச் சம்பல் கொடுக்கச் சொல்கிறார். இன்னொன்று, குளிசை தொடங்கிய நாளிலிருந்து அம்மாவுக்கு வயிறு இளகிப் போகிறது. மூளைக்குத் தரும் மருந்துக்கு வயிற்றில் என்ன வேலை?

எஸ்., வெள்ளவத்தை


அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கினால் மற்றவை பாதி தீர்ந்துவிடும்.

அசிட்டைல்கோலின் மூளைக்கு மட்டும் சொந்தமான பொருள் இல்லை. நரம்பு ஓர் இரசாயனத்தைச் சுரந்துதான் சேதி சொல்கிறது என்பதே முதலில் தவளையின் இதயத்தில்தான் தெரியவந்தது. 1921இல் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஒட்டோ லூவி இரண்டு தவளை இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டார். ஒன்றின் வேகஸ் நரம்பை, அதாவது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் நரம்பை, தூண்டினார்; துடிப்பு மந்தமானது. அந்தக் கரைசலை எடுத்து மற்ற இதயத்துக்கு விட்டார். அதன் நரம்பை யாரும் தொடவில்லை, ஆனாலும் அதுவும் மந்தமானது. கரைசலில் இருந்தது அசிட்டைல்கோலின் என்பது பிறகு உறுதியாயிற்று. 1936இல் ஹென்றி டேலோடு சேர்த்து லூவிக்கு நோபல் பரிசு கிடைத்தது. (இரண்டே வருடத்தில் நாஸிகள் அந்தப் பரிசுப் பணத்தையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் மனிதரை நாட்டைவிட்டுப் போகவிட்டார்கள்.)

அதே வேகஸ் நரம்பு குடலுக்கும் போகிறது. இதயத்தை மெதுவாக்கும் அசிட்டைல்கோலின் அங்கே குடலை முடுக்கிவிடுகிறது. உமிழ்நீர் ஊறுவதும், கை கால் தசை சுருங்குவதும் அதனால்தான். ஒரே பொருள் ஓரிடத்தில் அடக்கி, இன்னோரிடத்தில் கிளப்புவது எப்படி? அதை ஏற்கும் கலத்தில் எந்த வாங்கி, அதாவது சேதியைப் பிடித்துக்கொள்ளும் எந்தப் புரதம், இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. தசையில் இருப்பது நிகோட்டினிக் வாங்கி. கண் இமைக்க முன்னமே திறந்து சோடியத்தை உள்ளே விடும். சிகரெட்டின் நிகோட்டினிடமும் ஏமாறுவது இந்த வகைதான். இதயத்திலும் குடலிலும் இருப்பவை மஸ்கரினிக் வாங்கிகள். இவை கலத்துக்குள் வேறு புரதங்களிடம் வேலையை ஒப்படைத்து ஆறுதலாக நடத்தும். மூளையில் இரண்டு வகையும் உண்டு.

இனி ஒரு நரம்பிணைப்பை, அதாவது நரம்பு அடுத்த கலத்தைச் சந்திக்கும் இடத்தை, கிட்டப் போய்ப் பார்ப்போம். நரம்பின் நுனியில் சின்னச் சின்னப் பைகள். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள். மின் துடிப்பு நுனிக்கு வந்ததும் கல்சியம் உள்ளே பாய்கிறது, பைகள் சுவரோடு ஒட்டி வெடித்து உள்ளிருப்பதைக் கொட்டுகின்றன. எதிர்க்கலத்துக்கு இடையே உள்ள வெளி மூளையில் ஏறத்தாழ 20 நானோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரை 50,000 கூறு போட்டால் அதில் ஒன்று. கொட்டியது வாங்கியில் பட்டதோ இல்லையோ, அந்த வெளியிலேயே காத்திருக்கும் அசிட்டைல்கோலினெஸ்தரேஸ் என்ற நொதியம் அதை வெட்டிப்போடுகிறது. ஒரு நொதிய மூலக்கூறு செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் வெட்டும். வெட்டுப்பட்ட கோலினை நரம்பு திரும்ப உறிஞ்சி, மறுபடியும் அசிட்டைல்கோலின் செய்துகொள்கிறது.

எனக்கு இதில் கொட்டுவதைவிட வெட்டுவதுதான் பெரிய விசயமாகப் படுகிறது. காலி வீதி பஸ்ஸில் ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் எடு. நடுவில் மணி ஓய்ந்தால்தான் சாரதிக்கு எண்ணத் தெரியும். ஓயாமல் அடித்தால் என்ன நடக்கும் என்பது நம் நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு நன்றாகத் தெரியும். ஒகனோபொஸ்பேட் பூச்சிநாசினி செய்வது அதைத்தான்: அந்த நொதியத்தை முடக்கிவிடுகிறது. வாயால் நீர் ஒழுகும், வியர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், நாடி விழும், கடைசியில் மூச்சுத் தசையும் சோரும். முதல் கண்டத்திலிருந்து தப்பியவர்களுக்கும் ஒன்றிரண்டு நாள் கழித்து மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம் என்பதை 1987இல் தனி நோய்க்கூட்டமாக விவரித்து உலகத்துக்குச் சொன்னவர்கள் இலங்கை மருத்துவர்களான சேனாநாயக்கவும் கரல்லியத்தவும்.

உங்கள் அம்மாவின் டொனெபெசிலும் கைவைப்பது அதே நொதியத்தில்தான். பயப்பட வேண்டாம்: அது மிதமாக, விட்டு விலகக்கூடிய விதமாகப் பிடிக்கிறது, நஞ்சு பிடித்தால் இலேசில் விடாது. இருக்கிற கொஞ்ச அசிட்டைல்கோலின் மூளையில் இன்னும் சற்று நேரம் தங்கட்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் குளிசைக்கு மூளை எது, குடல் எது என்று தெரியாது. குடலிலும் அது தங்குகிறது, வயிறு இளகுகிறது.

சரி, குறைந்ததை நேரே கொடுத்தால்? வாயால் கொடுத்தால் குடலிலேயே சிதைந்துவிடும். ஊசியாக ஏற்றினாலும் இரத்தத்தில் உள்ள நொதியம் செக்கன் கணக்கில் வெட்டிவிடும். மிஞ்சுவது மின்னேற்றம் கொண்டது என்பதால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைத் தாண்டாது. கற்றராக்ட் சத்திரசிகிச்சையில் கண்மணியைச் சுருக்க அதைக் கண்ணுக்குள்ளேயே விடுவதுண்டு. அதுவும் சில நிமிடத்துக்குத்தான்.

கோலின் கப்சூலின் கதை இதைவிடச் சுவையானது. பார்கின்சனுக்கு டோபமைனின் மூலப்பொருளான லெவோடோபா கைகொடுத்ததைப் பார்த்து, இங்கேயும் மூலப்பொருளைக் கொடுப்போம் என்று கோலினையும், கோலின் அடங்கிய லெசித்தினையும் அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சொல்லத்தக்க பலன் இல்லை. காரணம், பற்றாக்குறை கோலினில் இல்லை. மூளையின் அடிப்பாகத்தில் மைனெர்ட்டின் அடிக்கரு என்று ஒரு சின்னக் கலக்கூட்டம் உண்டு. பெருமூளைப் புறணி முழுவதற்கும் அசிட்டைல்கோலின் பெரும்பாலும் அங்கிருந்துதான் போகிறது. கவனத்தைக் கூர்மையாக்கி, புதியதைப் பதிய வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அல்சைமரில் இந்தக் கலங்களே சாகின்றன. செய்கிற கலம் இல்லாதபோது மூலப்பொருளைக் குவித்து என்ன பயன்? டொனெபெசிலின் எல்லையும் இதுதான். அது நோயை நிறுத்தாது. சிலருக்குக் கொஞ்சக் காலம் நிலைமையைத் தாங்கிப்பிடிக்கும். சாப்பாட்டில் முட்டையும் மீனும் இருந்தால் கோலின் வந்துவிடும். கப்சூலை அளவு மீறிப் போட்டால் உடம்பு மீன் நாற்றம் அடிக்கும், அண்ணாவிடம் அதையும் சொல்லுங்கள்.

வல்லாரைச் சம்பலை அம்மாவுக்குப் பிடித்தால் கொடுங்கள். மருந்தாக எண்ணிக் கொடுக்க வேண்டாம். அதற்குப் போதிய சான்று இல்லை.

நான் உங்களிடம் கேட்பது வேறொன்று. அம்மாவின் மருந்துப் பையை மேசையில் கொட்டிப் பாருங்கள். சீனி வருத்தத்துக்கு ஒரு கிளினிக், முழங்காலுக்கு ஒரு டொக்டர், தடிமன் வந்தால் சந்தியில் உள்ள பார்மசி என்று அலைகிற வீடுகளில், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. தடிமனுக்கும் தோல் அரிப்புக்கும் போடும் குளோர்பெனிரமைன், கால் எரிவுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், சலம் அடிக்கடி போவதற்கான ஒக்சிபியூட்டினின்: மூன்றும் மஸ்கரினிக் வாங்கியை அடைப்பவை. ஊமத்தங்காய் தின்றவருக்குப் புத்தி பேதலித்து, வாய் உலர்வதும் இதே அடைப்பினால்தான். முதியவர்களுக்குச் சாதாரண அளவிலேயே தடுமாற்றம் வரலாம். ஒரு குளிசை அசிட்டைல்கோலினைத் தக்கவைக்கப் பாடுபட, இன்னொரு குளிசை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். இப்படி ஏதும் இருந்தால் நீங்களாக நிறுத்தாமல், எல்லாப் பெட்டிகளையும் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வயிற்றோட்டம் பலருக்குச் சில வாரங்களில் அடங்கும். சாப்பாட்டோடு கொடுத்துப் பாருங்கள். இரவில் போடுவதால் கெட்ட கனவு வந்தால் காலையில் மாற்றலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். தலைசுற்றி விழுந்தாலோ, நாடி மிக மெதுவானாலோ அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இதயத்துக்கும் போவது அதே வேகஸ் நரம்புதான்.